தோட்டாப் பெட்டிக்கு மேலே ஒரு தகடு

உலகத்தின் மிகச் சிறிய மேலதிகாரி ஓர் இரும்புத் தகடு. நீளம் சுண்டுவிரல் அளவு, கனம் ஒரு நாணயத்தைவிடச் சற்றுக் கூட. பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றின் வலது பக்கத்தில், தோட்டாப் பெட்டிக்கு நேர் மேலே அது உட்கார்ந்திருக்கிறது. கட்டைவிரலால் தள்ளினால் உள்ளே போய்ப் பெட்டியின் வாயை அடைக்கும். இழுத்தால் வெளியே வரும். அடைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. மேலதிகாரி என்று சொன்னதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அது பிறந்த கதை சுவையானது. ஒரு காலத்தில் சிப்பாயின் கையில் இருந்தது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. ஒன்றைப் போடுவான், சுடுவான், அடுத்ததற்குப் பையைத் துழாவுவான். அவன் துழாவுகிற நேரமெல்லாம் தளபதிகள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பிறகு ஒரு கெட்டிக்காரர் துப்பாக்கியின் வயிற்றில் பெட்டி கட்டி, பத்துத் தோட்டாக்களை அடுக்கி, அடியில் சுருள்வில்லும் வைத்துக் கொடுத்தார். போல்ட்டு என்கிற தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினால் போதும், அடுத்த தோட்டா தானே மேலே வந்து நிற்கும். தளபதிகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இந்தப் பயல் பத்தையும் ஒரே மூச்சில் தீர்த்துவிட்டு இன்னும் கொடு என்று கையை நீட்டுவானே.

அவர்கள் பெட்டியை எடுத்துவிடவில்லை. எடுத்தால் முன்னேற்றத்துக்கு விரோதிகள் என்று பெயர் வரும். பெட்டிக்கு மேலே ஒரு தகட்டைப் போட்டு மூடினார்கள். தம்பி, பத்துத் தோட்டாவும் உன்னிடமே இருக்கும், ஆனால் தொடக் கூடாது. வழக்கம்போலப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுச் சுடு. எதிரி மூக்குக்கு நேரே வந்துவிட்டால், நாங்கள் சொல்லும்போது, தகட்டைத் திற. கையில் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளும் இந்தக் கலை வேறு எந்த ஆயுதத்திலும் இவ்வளவு நேர்த்தியாக அமைந்ததில்லை.

பிறகு பெரிய போர் வந்தது. மூக்குக்கு நேரே வருவதற்கு எதிரி யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. தகடு வேண்டாம் என்று தொழிற்சாலைகள் கைகழுவின. உலகம் அதை மறந்தது.

மறக்காத ஒரே மனிதர் நம் கதைக்கு உரியவர். நகர ஆயுதப்படை முகாமில் ஆயுத அறைக் காப்பாளர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிர் வாழ்கிறது. அணிவகுப்புத் திடலிலிருந்து டீக்கடை வரை அவர் 'தகடு சார்'.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. மரியாதைக் குண்டு முழக்கத்துக்கென்று முகாமில் வைத்திருந்த பழைய துப்பாக்கிகள் தகடு நீக்கப்படாத ஜாதி. அவற்றைத் துடைத்து, எண்ணெய் போட்டு, நிறுத்தும்போது கடைசி வேலையாகத் தகடு சாரின் கட்டைவிரல் தகட்டை உள்ளே தள்ளும். க்ளிக். வாங்கும்போதும் க்ளிக், கொடுக்கும்போதும் க்ளிக். இது பல்லாண்டுப் பழக்கமாகி, கடைசியில் வாய்க்கும் பரவிவிட்டது. உள்ளே எவ்வளவு நிறைந்திருந்தாலும் வெளியே வருவது ஒற்றை வார்த்தை.

"டீயா காப்பியா சார்?" என்பார் கடைக்காரர்.

"டீ."

"சக்கரை?"

"பாதி."

"இன்னைக்கு ரெண்டு வார்த்தை வந்துருச்சு. வீட்ல ஏதும் விசேஷமா சார்?"

சார் மூன்றாவது வார்த்தைக்கு இடம் கொடுக்க மாட்டார்.

வீட்டில் விசேஷம் எதுவுமில்லை, மனைவிதான். அந்த அம்மாள் தையல்காரர். முகாமில் கிழிகிற சீருடை எல்லாம் அவருடைய மெஷினுக்கு அடியில் வந்துதான் போகும். மெஷின் ஓடினால் அவரும் பேசுவார். மெஷின் நின்றால், அது ஏன் நின்றது என்பதைப் பற்றிப் பேசுவார். கணவரைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு குறை.

"நான் பத்துக் கேள்வி கேட்டா பதில் ஒண்ணு வரும். மீதி ஒம்பதும் உள்ளயேதான் கிடக்கு. எந்தக் காலத்துக்கு எடுத்து வச்சிருக்காரோ தெரியல. நான் போனப்புறம் மொத்தமா பேசுவாரோ என்னமோ."

நல்லவேளையாக, தகடு சாருக்கு ஆயுத அறை இருந்தது. முன்னொரு காலத்தில் சிறைக் கொட்டடியாக இருந்த இடம். ஒரு முழத்துக்கும் மேல் கனமான சுவர், ஒற்றை இரும்புக் கதவு, கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு காற்றுப் பொந்து. சுவரோரம் மரத் தாங்கிகளில் துப்பாக்கிகள். மரியாதைத் துப்பாக்கிகள் வரிசையாக நிற்க, மற்றொரு பக்கம் உதிரிகள். அந்த வழியாகப் போன படைகள் விட்டுவிட்டுப் போனவை, பறிமுதலானவை, யாரோ யாருக்கோ அன்பளித்து வாங்கியவர் வேண்டாம் என்றவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாட்டின் பெரியவர்கள் கூடி யோசித்ததன் விளைவு என்பது பார்த்தவுடனே தெரியும்.

மூலையில் நிற்பதற்கு இறக்கை உண்டு. சிப்பாய் தன் கையிலிருக்கும் துப்பாக்கியால் விமானத்தைச் சுட்டு வீழ்த்த வேண்டும் என்று அதைச் செய்தவர்களுக்கு ஆசை. விமானம் ஓடுகிற பொருளாயிற்றே, எவ்வளவு முன்னால் குறி வைப்பது? அதற்காக, கண்ணை வைத்துக் குறி பார்க்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் மடக்குக் கைகள். விரித்தால் நண்டு சோம்பல் முறிப்பதுபோல் இருக்கும். குழலுக்கு அடியில் கம்பியால் ஒற்றைக் கால் வேறு, சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி. தூசி படாமல் போல்ட்டின்மேல் ஒரு மூடியும் கொடுத்திருந்தார்கள். நடந்தால் அது கடகடவென்று ஊருக்கெல்லாம் சேதி சொன்னதால், சிப்பாய்களில் பலர் அதை முதல் வேலையாகக் கழற்றி எறிந்தார்களாம்.

அதற்குப் பக்கத்தில் நெட்டையாக ஒன்று. அதன் முனையில் கூரான நீளக் கத்தி. கத்தி எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும் என்பது அந்தப் படையின் சட்டம். குறியையும் கத்தியோடு வைத்தே சரிபார்த்தார்கள். கத்தியைக் கழற்றிவிட்டுச் சுட்டால் குண்டு வேறு திசைக்குப் போகும். கத்தியை எடுத்து வைத்தால் நேராகச் சுடத் தெரியாத துப்பாக்கி அது ஒன்றுதான்.

மூன்றாவது, கொஞ்சம் புதுக்காலத்து ஆசாமி. எட்டுத் தோட்டாவை ஒரு தகரக் கவ்வியோடு சேர்த்து உள்ளே அழுத்த வேண்டும். எட்டாவது வெடித்ததும் கவ்வி டிங் என்று மேலே துள்ளி விழும். நிரப்பும்போது விரலை எடுக்கத் தாமதித்தால் போல்ட்டு பாய்ந்து வந்து கட்டைவிரலைக் கடிக்கும். தகடு சாரை ஒருமுறை கடித்தது. அன்றைக்கு அவர் ஒரு முழு வாக்கியம் பேசினார். அச்சில் ஏற்ற முடியாத வாக்கியம் என்பதால் இங்கே விட்டுவிடுகிறோம்.

மரியாதைத் துப்பாக்கிகளே லேசுப்பட்டவை அல்ல. இடது பக்கம் கட்டையில் ஒரு சின்ன வட்டமும் ஒரு முள்ளும் இருக்கும். அது ஒன்றரை மைல் தூரத்துக்குக் குறி வைக்க. ஒன்றரை மைலுக்கு அப்பால் நிற்பவன் மனிதனா மரமா என்று கழுகுக்கும் தெரியாது. பரவாயில்லை. படை முழுவதும் குழல்களை வானத்தைப் பார்த்துத் தூக்கி ஒரே நேரத்தில் சுட்டால், அது எங்கேயோ போய் மழையாக இறங்கும். அதன் கீழே மாட்டிக்கொண்டவர் யாரோ, அவரே எதிரி.

இவற்றின் நடுவே தகடு சார் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தார் என்பது ஊருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. தூங்குகிறார் என்று நினைத்தார்கள்.

அவர் பாடினார்.

ஒற்றை வார்த்தைக்காரர், பாட்டு என்று வந்தால் பெட்டி பெட்டியாகக் கொட்டுவார். சோகப் பாட்டுதான் அவருக்குப் பிடித்தம். குரலைப் பற்றி நாம் கருத்துச் சொல்வது நாகரிகமில்லை. நடந்ததை மட்டும் சொல்லலாம். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் வீட்டில் மனம் விட்டுப் பாடினார். இரண்டாவது அடியில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் முதலுதவிப் பெட்டியோடு நின்றார்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் மூச்சிரைக்க.

புதுமனைவி அவரை அனுப்பிவிட்டு வந்து மிகவும் கனிவாகச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. வெளிய கேக்காம இருந்தா இன்னும் நல்லாருக்கும்."

க்ளிக். அன்றிலிருந்து வீட்டில் பாட்டு இல்லை. ஆயுத அறையின் சுவர் கிடைத்த பிறகுதான் அவருக்கு மறுபடி தொண்டை திறந்தது. அங்கே கிடைத்த சபை உலகத்தில் எந்தப் பாடகருக்கும் கிடைக்காதது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எழுந்து நின்றபடியே கேட்கும். ஒருவரும் நடுவில் வெளியே போவதில்லை.

இந்தச் சபையைத்தான் கலைக்க வந்தார் புது அதிகாரி.

சேதியை முதலில் கொண்டுவந்தது மச்சினன். மனைவியின் தம்பி, முகாம் அலுவலகத்தில் தலைமை எழுத்தர், அதே வீட்டு மாடியில் குடி. நல்ல செய்தியை நாளை சொல்லலாம் என்று ஒத்திப்போடுபவர், கெட்ட செய்தி என்றால் செருப்பைக்கூடக் கழற்றாமல் வருவார்.

"மாமா, விஷயம் தெரியுமா? உங்க துப்பாக்கி எல்லாம் உருக்காலைக்குப் போவுது. பழசெல்லாம் வேணாமாம். அந்த அறையில நகல் மெஷினு வைக்கப் போறாங்க."

தகடு சார் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்ப இவரு?" என்றார் மனைவி.

"மாமாவுக்கு என்னக்கா கவலை. ஆபீஸ் ஹால்ல எனக்கு எதிர் மேசை காலியாத்தான் இருக்கு. நாள் முழுக்கப் பேசிக்கிட்டே வேலை பாக்கலாம்."

"இவரு கூடப் பேசிக்கிட்டா? சுவத்துக்கு மூஞ்சி வரைஞ்சு வச்சுக்கோ. அது பதில் சொல்லும்."

தகடு சார் தட்டைத் தள்ளி வைத்தார். அந்த ஹால் அவருக்குத் தெரியும். நாலு பக்கமும் கண்ணாடி. தும்மினால் முப்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே உட்கார்ந்து எந்த மனிதனால் சோகப் பாட்டுப் பாட முடியும்?

மறுநாள் அவரே அதிகாரியின் அறை வாசலில் போய் நின்றார். அவருடைய வரலாற்றில் இது புரட்சி. புது அதிகாரி இளைஞர். பேசிக்கொண்டே பேனாவைச் சுழற்றுபவர். எதையும் 'வேகம்' என்ற சொல் இல்லாமல் சொல்ல வராதவர்.

"உக்காருங்க. துப்பாக்கி விஷயமா?"

"ஆமா."

"அதெல்லாம் இப்பவும் சுடுமா?"

"சுடும்."

"சுடுறதைத்தான் பாத்தேனே. போன மரியாதை வீடியோவைப் போட்டுக் காட்டுனாங்க. ஒவ்வொருத்தனும் பையில கைய விட்டு, சத்தம் மட்டும் போடுற வெத்துத் தோட்டாவை எடுத்து, போட்டு, மூடி... அதுக்குள்ள இறந்தவரே எழுந்து போயிருப்பார். ஒருத்தன் கையிலேர்ந்து தோட்டா நழுவி இறந்தவர் வீட்டம்மா நாற்காலிக்கு அடியில உருண்டுச்சு. அவன் குனிஞ்சு தேடுறான். அதான் முறையா?"

"முறை."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். கிண்டலா என்று பார்த்தார். அப்படித் தெரியவில்லை.

"அதுல பத்துத் தோட்டாப் பெட்டி இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் ஒண்ணொண்ணாப் போடணும்?"

இதற்குப் பதில் ஒரே வார்த்தையில் அடங்காது. தளபதிகள், பயம், தகடு, பெரிய போர் எல்லாம் அதில் உண்டு. தகடு சார் முயன்றார். வாய் இரண்டு முறை திறந்து மூடியது. கடைசியில் மேசைமேல் கட்டைவிரலை வைத்து எதையோ தள்ளிக் காட்டினார். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும், அந்த விரலைப் பார்த்து மனம் கொஞ்சம் இளகியது.

"சரி, ஒரு வாய்ப்பு தரேன். முன்னாள் நகரத்தலைவர் காலமாயிட்டார். நாளன்னைக்கு மரியாதை. அமைச்சர் வரார். பெட்டியில தோட்டாவை நிரப்பி வச்சுருங்க. மூணு முழக்கமும் டப் டப் டப்னு வேகமாப் போகணும். போச்சுன்னா துப்பாக்கி இருக்கும், அறையும் இருக்கும். சொதப்புச்சுன்னா உருக்காலைதான். சரியா?"

"சரி," என்றார் தகடு சார்.

மறைந்த நகரத்தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை. மைக்கைக் கண்டால் விட மாட்டார். பள்ளிக்கூடத் திறப்பு விழாவில் பேச ஆரம்பித்து, அந்தப் பள்ளியின் விடுமுறை வரை பேசியவர் என்று ஊர் சொல்லும். அப்படிப்பட்டவருக்குச் சத்தமாக வழியனுப்புவதுதான் பொருத்தம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒத்திகை அணித்தலைவர் 'தொண்டை'யின் பொறுப்பில் நடந்தது. கட்டளை போட்டால் மூன்று தெரு தள்ளிக் கட்டியிருக்கும் நாய் உட்காரும். அதனால் அந்தப் பெயர். தோட்டா வீணாகக் கூடாது என்று காலித் துப்பாக்கியோடு பழகினார்கள். போல்ட்டு, குறி, விசை. டிக். போல்ட்டு, குறி, விசை. டிக். டிக் என்றால் சரி என்று எல்லார் காதும் பழகிவிட்டது.

மரியாதை நாள் காலையில் தகடு சார் யாரையும் உள்ளே விடவில்லை. ஒவ்வொரு பெட்டியாக வெற்றுத் தோட்டாவைத் தன் கையாலேயே நிரப்பினார். பெட்டியைத் துப்பாக்கியில் பொருத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு தகட்டையும் இழுத்துத் திறந்துவிட்டார். வரிசை முழுக்கத் திறந்த தகடுகள். அவருக்கே பார்க்கக் கூச்சமாக இருந்தது. பிறகு கதவைத் திறந்து, வீரர்கள் ஒவ்வொருவராக வர, துப்பாக்கியை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

கொடுக்கும்போது என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தது கட்டைவிரலுக்கு மட்டும். அதிகாரியின் புது உத்தரவு தலை வரை வந்திருந்தது. விரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

திடலில் கூட்டம். முன்வரிசையில் அமைச்சர், அவருக்கு அந்தப் பக்கம் நகரத்தலைவரின் மனைவி, இந்தப் பக்கம் அதிகாரி. தகடு சார் எண்ணெய்த் துணியோடு அணிக்கு வலப்புறம், இரண்டடி பின்னால் நின்றார். முகம் வழக்கம்போல் மூடியிருந்தது.

தொண்டை கட்டளை போட்டார். துப்பாக்கிகள் எழுந்தன. குழல்கள் வானத்தைப் பார்த்துச் சாய்ந்தன. வலது பக்கம் முழுவதும் வெயிலில் பளபளத்தது. அப்போதுதான் தகடு சார் பார்த்தார். ஒரு தகடுகூட வெளியே இல்லை. எல்லாம் ஒழுங்காக, வரிசையாக, அவரே வளர்த்த பிள்ளைகள்போல், உள்ளே இருந்தன.

கத்தியிருக்க வேண்டும். 'தகட்டை இழுங்கடா' என்று இரண்டே வார்த்தை. அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இத்தனை வருடம் அடைத்துப் பழகிய பெட்டி, தேவைப்பட்ட நேரத்தில் திறக்க மறுத்தது. அந்த ஒரு நொடியில் நகல் மெஷின், கண்ணாடி ஹால், எதிர் மேசையில் மச்சினன், எல்லாம் வரிசையாக அவர் கண்முன் வந்து போயின.

டிக்.

அணிவகுப்பில் நிற்பவன் துப்பாக்கியைக் குனிந்து பார்ப்பது குற்றம். காதுக்கோ டிக் என்றால் சரி. வீரர்கள் மும்முரமாகப் போல்ட்டை இழுத்துத் தள்ளினார்கள். அதிகாரி கேட்ட வேகம் அப்படியே இருந்தது.

டிக். டிக்.

மூன்றும் முடிந்தன. மரத்திலிருந்த புறாக்கள் பறக்கவில்லை. கூட்டத்தில் ஒரு குழந்தை, "இனிமேதான் வெடிக்குமாம்மா?" என்று கேட்டதும் அதன் வாய் பொத்தப்பட்டது. தொண்டையின் கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் துடித்தது.

அமைச்சர் அதிகாரியின் பக்கம் சாய்ந்தார். "என்னங்க, சத்தமே வரல?"

அதிகாரியின் நெற்றியில் வேர்வை கோத்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளலாம். அரசாங்கத்தில் நெடுநாள் நிலைப்பவர்கள் இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது பாதை வைத்திருப்பார்கள். அதன் பெயர் நடைமுறை.

"மௌன மரியாதை ஐயா. புது முறை. விசை மூணு தடவை, சத்தம் கிடையாது."

அமைச்சர் யோசித்தார். "நல்லாருக்கே. போன தடவை எனக்கு ரெண்டு நாள் காது அடைச்சுப்போச்சு."

நகரத்தலைவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரியான மரியாதைதான். அவரு பேசுறப்ப ஊரே இப்படித்தான் வாயத் திறக்காம உக்காந்திருந்துச்சு."

சாயங்காலம் அதிகாரி தகடு சாரைத் தனியே கூப்பிட்டார். பேனா சுழலவில்லை.

"தகட்டை மூடுனது யாரு?"

"நான்."

"ஏன்?"

தகடு சார் கையைத் தூக்கிப் பார்த்தார். "விரல்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். "இதை வெளிய யாருகிட்டயும் சொல்லிடாதீங்க." பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உங்ககிட்டப் போய் இதைச் சொல்றேன் பாருங்க."

ஒருமுறை வாயால் சொன்ன நடைமுறைக்கு மறுமுறை காகிதம் வேண்டும். உத்தரவை எழுதியது மச்சினன். எதிர் மேசைக்கு மாமா வராமல் போவதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் நீளமான உத்தரவு எழுதக் கிடைத்த சந்தோஷம் அதை மறைத்துவிட்டது. 'இம்மௌன மரியாதையானது, தோட்டா நிரப்பப்பெற்றும் அது மேலெழாவண்ணம் தகடு பொருத்தப்பெற்ற துப்பாக்கிகளைக் கொண்டு மட்டுமே நிகழ்த்தப்பெறல் வேண்டும்' என்று தொடங்கி இரண்டு பக்கம் ஓடியது அது.

இன்னொரு முகாமிலிருந்து ஒருவர் விவரம் தெரியாமல் கேட்டார். புதுத் துப்பாக்கியில் தோட்டா போடாமலே விசையை அழுத்தினால் இதே மௌனம் கிடைக்காதா? அவருக்கு அதிகாரி தொலைபேசியில் கொடுத்த விளக்கம் இன்றும் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது.

"காலித் துப்பாக்கியில மௌனம் வந்தா அது பற்றாக்குறை. நிறைஞ்ச துப்பாக்கியில மௌனம் வந்தா அதுதாங்க மரியாதை."

துப்பாக்கிகள் பிழைத்தன. நகல் மெஷின் நடைவழியில் போய் நின்றது. தகடு சார் அன்று இரண்டு டீ குடித்தார், இரண்டிலும் முழுச் சக்கரை. இனி மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வாரப் பாக்கியையும் சேர்த்துப் பாடலாம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறைக்குப் போனார். வாசலில் வர்ணக்காரர் ஒருவர் ஏணிமேல் நின்று எழுதிக்கொண்டிருந்தார். 'மௌன மரியாதைக் காட்சிக்கூடம். அனைவரும் வருக.'

புகழ் என்பது இப்படித்தான் ஏணியோடு வரும். விளக்கம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்தது. தகடு சாரை நிறுத்தினால் காட்சிக்கூடமே மௌன மரியாதை ஆகிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சம்பளமில்லாத பதவிக்குத் தகுந்த நபரை மச்சினன் சிபாரிசு செய்தார். உறவுக்காகச் செய்த சிபாரிசு, தகுதிக்கும் பொருந்தியது வரலாற்றில் அந்த ஒருமுறைதான்.

தையல் மெஷினை ஆயுத அறை வாசலில் போட்டுக்கொண்டு, தகடு சாரின் மனைவி வேலையை ஏற்றார். முதல் வாரத்திலேயே கூட்டம் அலைமோதியது.

"இந்த இறக்கை எதுக்குன்னு கேக்குறீங்களா? ப்ளேனைச் சுட. விழுந்துச்சான்னு கேக்காதீங்க, அது அவங்க வீட்டு விஷயம். இந்த நெட்டைக்காரரு கத்தியைக் கழட்டுனா கோணலாச் சுடுவாரு, என் தம்பி மூக்குக்கண்ணாடியக் கழட்டுன மாதிரி. இது எட்டு முடிஞ்சா டிங்குனு மணி அடிக்கும். என் மெஷின்லயும் பாபின்ல நூல் தீந்தா அப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லாருக்கும், எந்தப் புண்ணியவானும் செய்யல."

தகடு சார் உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலும் கூட்டம், மதியத்திலும் கூட்டம். சபை முழுவதும் அவர் கண்முன்னேதான் நின்றது, பாடத்தான் முடியவில்லை. ஒற்றை வார்த்தையும் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் டீக்கடையில் விரலைக் காட்டும் நிலைக்கு வந்துவிட்டார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்டார். "சரி, சொல்லாதீங்க. நீங்க வாயத் திறக்க ஒரு உத்தரவு வாங்கிட்டு வரேன்."

ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மரியாதைத் துப்பாக்கி ஒன்றின் அடிக்கட்டையைத் தூக்கிக் காட்டினார் அம்மாள். கட்டையின் முனையில் பித்தளைத் தட்டு, அதில் குட்டிக் கதவு. "உள்ள எண்ணெய்ப் புட்டியும், குழலைத் துடைக்கிற கயிறும் இருக்கும். சிப்பாய்க்குத் தனியா பெட்டி வேணாம். என் மெஷினோட இழுப்பறை மாதிரி." நகத்தால் நெம்பித் திறந்தார். எண்ணெய்ப் புட்டி இல்லை. காகிதத்தில் சுற்றிய அதிமதுரத் துண்டுகள் சில உருண்டு கையில் விழுந்தன.

"இது என்னக்கா?" என்றாள் முன்னால் நின்ற பெண்.

அம்மாள் அதிமதுரத்தைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். முக்காலியில் இருந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. பாடுகிறவர்கள்தான் தொண்டைக்கு அதிமதுரம் சாப்பிடுவார்கள் என்று அம்மாளுக்குத் தெரியும். கனமான சுவர், சாத்திய கதவு, மதிய நேரம், இந்தச் சில வாரமாக வாடிய முகம், எல்லாம் ஒரே தையலில் சேர்ந்தன.

"துப்பாக்கிக்குச் சளி பிடிச்சா போடுறது," என்றார் நிதானமாக. "போங்க போங்க, அடுத்ததைப் பாருங்க."

பிள்ளைகள் போன பிறகு கணவரிடம் வந்தார்.

"எத்தனை வருஷமா?"

"ரொம்ப."

"நான் அன்னைக்குச் சொன்னது வெளிய கேக்காம இருக்கணும்னு. பாடவே கூடாதுன்னா சொன்னேன்?"

அம்மாள் அதிமதுரத்தைக் காகிதத்தில் சுற்றி, பழைய இடத்திலேயே போட்டுக் குட்டிக் கதவை மூடினார். பிறகு சீருடை ஒன்றிலிருந்து கிழிந்த துணியை எடுத்து, சாக்பீசால் 'மதிய இடைவேளை, பராமரிப்பு நடைபெறுகிறது' என்று எழுதி வெளியே மாட்டினார்.

"உள்ள போங்க. கதவைச் சாத்துங்க. நான் வாசல்ல இருக்கேன்."

கதவு சாத்தப்பட்டது. அப்புறம் காற்றுப் பொந்து வழியாக அது வந்தது; பல வாரப் பாக்கியோடு, தாளம் ஒரு பக்கமும் சுருதி ஒரு பக்கமுமாக, மிக மிக மகிழ்ச்சியான ஒரு சோகப் பாட்டு. அம்மாள் மெஷினை வேகமாக மிதித்தார். மெஷின் தோற்றது.

குடும்பத்தோடு வந்த ஒருவர் துணியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பொந்தை அண்ணாந்து பார்த்தார். சின்னக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உள்ள என்னம்மா சத்தம்? யாருக்காவது ஏதாவது...?"

அம்மாள் ஊசியில் நூலைக் கோத்தபடி சொன்னார்.

"ஒரு பழைய போல்ட்டுங்க. ரொம்ப நாளா இறுகிக் கிடந்துச்சு. தினமும் இந்த நேரம் இழுத்து விட்டாத்தான் நல்லாருக்கும். அரை மணி நேரம் கழிச்சு வாங்க."